காற்று எட்டும் கடைசித் துறைமுகம்: கில்வா கிசிவானியின் கதை

1505 ஜூலையில் போர்ச்சுகீசியக் கப்பல் படை ஒன்று கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் கில்வா என்ற தீவு நகரத்தின் முன்னால் நங்கூரம் போட்டது. படையோடு வந்த ஒருவர் அங்கே கண்டதையெல்லாம் எழுதி வைத்தார். ஹான்ஸ் மேயர் என்ற ஜெர்மானியர் எழுதியதாகக் கருதப்படும் அந்தக் குறிப்பில், கல்லும் காரையும் வைத்துப் பல மாடி உயரத்துக்குக் கட்டிய வீடுகள் வருகின்றன. தோட்டங்கள், எலுமிச்சை, கரும்பு, பருத்தி எல்லாம் வருகின்றன. நடுவில் ஓர் இலையும் வருகிறது. ஊரில் மதிப்புள்ளவர்கள் அந்த இலையைச் சுண்ணாம்போடு சேர்த்து மெல்லுகிறார்கள். வாயும் பல்லும் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகின்றன. மென்றால் தெம்பாக இருக்கிறது என்கிறார்கள். எழுதியவருக்கு அது புதிராக இருந்திருக்கிறது. நமக்கு விளக்கமே வேண்டாம். சுவாஹிலி மொழியில் வெற்றிலைக்கு இன்றும் தம்பூ என்றுதான் பெயர். தாம்பூலத்துக்கு உறவான சொல் அது.

இந்துமாக் கடலின் இந்தக் கரையில் விளைந்த ஒரு கொடி, அந்தக் கரைத் தீவு ஒன்றில் பெரிய மனிதர்களின் வாயைச் சிவக்க வைக்கிறது. அதைக் கொண்டுபோனது எது, அந்த ஊர் ஏன் அந்த இடத்தில் எழுந்தது என்று கேட்டுக்கொண்டு போனால் கில்வாவின் வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி அதன் கற்களில் இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடலாம். தான்சானியாவின் தென்பகுதிக் கரையில், தார் எஸ் சலாமுக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், பெருநிலத்தை ஒட்டியே கிடக்கிறது இந்தத் தீவு. நடுவில் இருக்கும் நீர்ப்பரப்பு சுமார் 2 கிலோமீட்டர். கிசிவானி என்றால் சுவாஹிலியில் 'தீவில்' என்று பொருள். எதிர்க்கரையில் இருக்கும் இன்றைய சிறு நகரம் கில்வா மசோகோ. வடக்கே, 19ஆம் நூற்றாண்டில் பெருத்த இன்னொரு ஊர் கில்வா கிவிஞ்சே. மூன்றும் ஒரே பெயரைப் பங்குபோட்டுக்கொண்டாலும் பழைய ராஜதானி தீவில் இருப்பதுதான். அதற்குத் தெற்கே இன்னொரு தீவில் சோங்கோ ம்னாரா என்ற இடிபாடு இருக்கிறது. இரண்டையும் சேர்த்து யுனெஸ்கோ 1981இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் எடுத்துக்கொண்டது.

தீவில் பொன் கிடையாது. தந்தமும் கிடையாது. அப்படியிருக்க ஒரு பெருநகரம் அங்கே எழுந்ததற்குக் காரணம் காற்றுதான்.

டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசும் காற்றைச் சுவாஹிலிக்காரர்கள் கஸ்காசி என்கிறார்கள். நம் கடற்கரைகளில் வாடை என்று சொல்லும் அதே பருவக்காற்றின் நீட்சி அது. அந்தக் காற்றைப் பிடித்து அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் மரக்கலங்கள் ஆப்பிரிக்கக் கரைக்கு இறங்கின. ஏப்ரலுக்கு மேல் காற்று திரும்பி, தெற்கிலிருந்து கூசி வீசத் தொடங்கும். அதைப் பிடித்து ஊர் திரும்ப வேண்டும். அதாவது ஒரு வணிகருக்குக் கிடைப்பது ஒரு காற்றுக்காலம். அதற்குள் எவ்வளவு தெற்கே போக முடியுமோ அவ்வளவுதான். அதைத் தாண்டித் தெற்கே போனால் திரும்பும் காற்றைத் தவறவிட்டு, இன்னொரு வருஷம் முழுக்க அங்கேயே கிடக்க நேரும்.

அந்தக் கணக்கு முடிகிற இடம் கில்வா. பருவக்காற்றை நம்பி ஒரே பருவத்தில் வந்து, சரக்கு மாற்றி, திரும்பிப் போகக்கூடிய தென்கோடி அதுதான். அதற்கும் தெற்கே, இன்றைய மொசாம்பிக் கரையில் சோஃபாலா இருந்தது. ஜிம்பாப்வே மேட்டுநிலத்தில் எடுத்த பொன் அங்கேதான் கடலுக்கு வந்து சேரும். பொன் வேண்டும், ஆனால் பொன் இருக்கும் இடம் வரைக்கும் காற்று கொண்டுவிடாது. அப்படியானால் நடுவில் ஒருவர் வேண்டும்: தெற்கே போய்வரக் கரையோரப் படகுகள் வைத்திருப்பவர், பொன்னை வாங்கிக் கிடங்கில் வைத்துக் காத்திருப்பவர், வடக்கிலிருந்து வரும் துணியையும் மணியையும் பீங்கானையும் இறக்கி வைக்க ஆழமான, அலையடங்கிய துறைமுகம் உள்ளவர். கில்வாவிடம் இவை எல்லாம் இருந்தன.

சோஃபாலா எப்படிக் கில்வாவின் கைக்கு வந்தது என்பதற்கு, 16ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் ஜோவாவோ தெ பாரோஸ் ஒரு கதையை எழுதி வைத்திருக்கிறார். கில்வாவைச் சேர்ந்த மீனவர் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது பெரிய மீன் ஒன்று மாட்டியது. விட மனமில்லை. மீன் இழுத்த இழுப்பில் படகு நகர, பிறகு நீரோட்டமும் சேர்ந்துகொள்ள, அவர் சோஃபாலாவில் போய் ஒதுங்கினார். அங்கே வடக்கே சோமாலியக் கரையிலுள்ள மொகதீஷுவின் வணிகர்கள் பொன் வாங்குவதைக் கண்டார். ஊர் திரும்பி அரசனிடம் சொன்னார். அதன் பிறகு அந்த வணிகத்தில் கில்வா நுழைந்தது. மீன் நிஜமோ இல்லையோ, தெற்கு நோக்கி ஓடும் நீரும் அதில் போய்த் திரும்பத் தெரிந்த உள்ளூர்க் கடலோடியும் இல்லாமல் அந்தப் பொன் கைக்கு வந்திருக்காது என்பதை அந்த ஊர்க்காரர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். எனக்கு இந்தக் கதை பிடித்ததற்குக் காரணம் அதுதான். இதில் படையெடுப்பு இல்லை, வாள் இல்லை. ஒரு தூண்டில்காரர்தான் இருக்கிறார்.

பொன் வந்ததும் காசு வந்தது. கில்வா சுல்தான்கள் செம்பில் அடித்த காசுகள் சின்னவை. ஒரு பக்கம் சுல்தானின் பெயர், மறுபக்கம் அவர் இறைவனை நம்புகிறவர் என்ற வாசகம். இரண்டு பக்க வரிகளும் எதுகை சேர்ந்து முடியும். காசைத் திருப்பிப் படித்தால் ஒரு ஈரடிப் பாட்டு நிறைவாகும். கடைத்தெருவில் கைமாறும் செம்புக் காசில் பாட்டை அடித்து வைத்த ஊர் என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்தக் காசுகளில் ஒன்று கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, கிரேட் ஜிம்பாப்வே இடிபாட்டில் கிடைத்தது. பொன் எந்த வழியாக வந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி. இன்னும் ஐந்து காசுகள் யாரும் எதிர்பாராத திசையில், ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள வெசல் தீவுகளில் 1944இல் ஒரு படைவீரரின் கையில் கிடைத்தன.

சரி, இந்த ஊரைக் கட்டியவர்கள் யார்? கில்வாவைப் பற்றிய பெரிய வாக்குவாதம் இதுதான். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கில்வாவுக்குச் சொந்தமாக ஒரு வரலாற்று ஏடு உண்டு. அரபு மொழியில் ஒரு வடிவமும், தெ பாரோஸ் போர்ச்சுகீசிய மொழியில் தந்த ஒரு வடிவமும் இன்று இருக்கின்றன. அதன்படி, பாரசீகத்தின் ஷிராஸிலிருந்து ஒரு தந்தையும் ஆறு மகன்களும் ஏழு கப்பல்களில் புறப்பட்டார்கள். ஒவ்வொரு கப்பலும் ஒவ்வோர் இடத்தில் நின்றது. அலி இப்னு அல்-ஹசனின் கப்பல் கில்வாவுக்கு வந்தது. தீவை ஆண்டவர் பெருநில அரசர் ஒருவர். அவரிடம் அலி தீவை விலைக்குக் கேட்டார். தீவைச் சுற்றி வளைக்கும் அளவுக்கு வண்ணத் துணி கொடு என்றார் அரசர். அலி கொடுத்தார். அரசர் போய்விட்டார், திரும்பிப் படையோடு வந்து ஊரைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு. அக்காலத்தில் கடல் வற்றும் நேரத்தில் தீவுக்கு நடந்தே வரலாமாம். அலி அந்த வழியை ஆழமாகத் தோண்டிவிட்டார். அரசர் வந்து அக்கரையில் நின்று, நீர் வற்றும் வற்றும் என்று காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இந்தக் கதையைக் காலனிய கால அறிஞர்கள் பலர் அப்படியே ஒரு பத்திரம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பாரசீகரும் அரபியரும் வந்து கட்டிய ஊர். ஆப்பிரிக்கர் அங்கே வேலையாட்கள். இவ்வளவு நேர்த்தியான கல்வேலை உள்ளூர்க்காரர்களுக்கு வராது. இப்படிப் போனது அவர்களுடைய வாதம். 1960களில் கில்வாவை விரிவாகத் தோண்டிய நெவில் சிட்டிக் செய்த வேலை மகத்தானது; அந்த அகழாய்வு இல்லாமல் நமக்கு இந்த ஊரே தெரிந்திருக்காது. ஆனால் அவரும் கடல் கடந்து வந்தவர்கள் மீதுதான் அழுத்தம் வைத்தார்.

மண் வேறு கதை சொல்கிறது. கில்வாவின் அடி அடுக்குகள் கி.பி. 800ஐ ஒட்டிய காலத்துக்குப் போகின்றன. ஷிராஸிக் கப்பல் வந்ததாகச் சொல்லும் காலத்துக்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்பே அங்கே மண் வீடுகளில் மக்கள் இருந்தார்கள். மீன் பிடித்தார்கள். அவர்களுடைய பானைகள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரை நெடுகக் கிடைக்கும் உள்ளூர்ப் பானைகள். வடக்கே கென்யாவின் பாட்டே தீவிலுள்ள ஷாங்காவில் மார்க் ஹார்ட்டன் தோண்டியபோது, கல் பள்ளிவாசலுக்கு அடியில் அதைவிடப் பழைய பள்ளிவாசல், அதற்கும் அடியில் இன்னும் பழையது என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சின்ன மரப் பள்ளிவாசலின் கம்பக் குழிகளில் போய் நின்றது. கல்லுக்கு முன்னால் மரம்; பெரியதற்கு முன்னால் சின்னது. வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்கிய ஊர் இப்படி வளராது.

ஏட்டையே கவனமாகப் படித்தால் அதுவும் இதைத்தான் சொல்கிறது. அரபு வடிவத்தில், கப்பல் வந்து இறங்கியவர்களை முதலில் எதிர்கொள்வது தீவில் ஏற்கெனவே குடும்பத்தோடு இருந்த ஒரு முஸ்லிம். அங்கே ஒரு பள்ளிவாசலும் இருந்தது. ஊர் இருந்தது, அரசர் இருந்தார், விலை பேச ஆள் இருந்தது. துணி கொடுத்து வாங்கியதாகச் சொல்வது, வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களின் சம்மதம் இல்லாமல் அங்கே கால் ஊன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் பேச்சு.

2023இல் வந்த மரபணு ஆய்வு இந்த வாக்குவாதத்தை இன்னும் நுணுக்கமாக்கியது. கில்வா, சோங்கோ ம்னாரா உட்படக் கடற்கரை ஊர்கள் ஆறும் உள்நாட்டு ஊர் ஒன்றும் சேர்த்து, 80 பேரின் எலும்புகளிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்தார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் பலரிடம் பாதிக்கு மேல் ஆப்பிரிக்க வழி, அதுவும் பெரும்பாலும் தாய்வழி. ஆசியப் பங்கும் நிறைய இருந்தது. அதில் 80 முதல் 90 சதவீதம் பாரசீக ஆண்களிடமிருந்து வந்தது. மிச்சத்தில் இந்திய வழியும் உண்டு. கலப்பு தொடங்கியது கி.பி. 1000ஐ ஒட்டி. ஷிராஸ் கதை வெறும் பெருமைப் பேச்சு என்று ஒதுக்கியவர்களுக்கும் இது பதில். ஆப்பிரிக்கர் இதில் பங்கில்லை என்றவர்களுக்கும் பதில். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பள்ளிவாசலை ஒட்டிய மரியாதையான கல்லறைகளில் அடங்கியவர்கள் ஊரின் மேல்தட்டுக்காரர்கள். மண் வீட்டுக்காரர்களின் கதை அந்த எலும்புகளில் முழுதாக இல்லை.

என் பார்வையில் இந்த ஆய்வின் மிக அழகான பகுதி தாய்மார்கள்தான். அப்பா பாரசீகம் பேசியிருக்கலாம், தொழுகை அரபியில் நடந்திருக்கலாம். பிள்ளைகள் பேசியது அம்மாவின் மொழி. சுவாஹிலி, ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரபியிலிருந்து ஏராளமான சொற்களை வாங்கிக்கொண்டாலும் அதன் இலக்கணமும் எலும்புக்கூடும் ஆப்பிரிக்கம். பெயர் மட்டும் 'கரைகள்' என்று பொருள்படும் ஓர் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வந்தவர்கள் அந்த வீடுகளுக்குள் மாப்பிள்ளைகளாகப் போனார்கள் என்று நினைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் தானாகப் பொருந்துகின்றன.

இப்போது கல்லுக்கு வரலாம். இலங்கையிலும் நம் தென்கரைகளிலும் முருகைக்கல் என்று சொல்வதுதான் அங்கேயும் கட்டுமானக் கல். அதில் இரண்டு வகை. நிலத்தில் வெட்டி எடுக்கும் பழைய, உறைந்த முருகைக்கல் முரட்டுத்தனமானது. அதைத் துண்டு துண்டாக உடைத்துச் சுண்ணாம்புக் காரையில் பதித்துச் சுவர் எழுப்பினார்கள். இரண்டாவது, கடலுக்குள் உயிரோடு இருக்கும் போரைட்ஸ் என்ற பவளம். நீரிலிருந்து வெட்டி எடுத்த ஈரத்தோடு இருக்கும்போது மிருதுவாக, உளிக்கு இணங்கி வரும். காற்றில் காயக் காய இறுகிக் கல்லாகிவிடும். ஆகவே செதுக்க வேண்டியதைச் சீக்கிரம் செதுக்க வேண்டும். வாசல் நிலைகள், பள்ளிவாசலில் தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபின் வளைவு, குவிமாடத்துக்கான வளைந்த கற்கள் எல்லாம் இந்தப் பவளத்தில் செய்தவை. வேலையாளின் கையில் ஒரு நேரக்கெடு இருந்தது. ஒரு மிஹ்ராபின் விளிம்பில் ஓடும் நுணுக்கமான கயிற்றுக் கோலத்தைப் பார்த்தால், அது இன்னும் ஈரம் போகாத கல்லில், காய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் செய்தது என்பதை மறக்க முடியாது.

சுண்ணாம்பும் கடலிலிருந்துதான். கட்டைகளை வட்டமாக அடுக்கி, மேலே பவளத் துண்டுகளைக் குவித்து எரித்தார்கள். ஒரு வீட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கே ஏகப்பட்ட விறகு ஆகும். கூரைக்குக் கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரக் கம்புகள். அவற்றுக்கு மேல் முருகைக்கல் பாளங்கள், அதற்கும் மேல் இடித்து இறுக்கிய சுண்ணாம்புத் தளம். கண்டல் கம்பு தாங்கும் நீளம் ஏறத்தாழ 3 மீட்டருக்குள். அதனால் சுவாஹிலிக் கல் வீடுகளில் அறைகள் நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும். பணக்காரர் நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அகலத்தைக் கூட்ட முடியாது. ஒரு நகரத்தின் அறை அளவைச் சேற்றில் நின்ற மரம் தீர்மானித்திருக்கிறது.

பெரிய பள்ளிவாசல் இந்தக் கட்டுப்பாட்டை உடைக்கப் பார்த்த கட்டடம். அதன் வடபகுதி 11, 12ஆம் நூற்றாண்டுகளுக்குரியது, சிறியது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தெற்கே பல மடங்கு விரித்து, மரக் கூரைக்குப் பதிலாகக் குவிமாடங்களையும் வளைவுக் கூரைகளையும் எழுப்பினார்கள். அந்த விரிவாக்கம் நெடுநாள் நிற்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் மறுபடியும் கட்டினார்கள். இன்று படங்களில் பார்க்கும் தூண் வரிசையும் வளைவுகளும் பெரும்பாலும் அந்த மறுகட்டுமானம். நூற்றாண்டுக் கணக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதைவிடப் பெரிய பள்ளிவாசல் இருக்கவில்லை. பக்கத்தில் சின்னக் குவிமாடப் பள்ளிவாசல் ஒன்று உண்டு. அதன் உள்கூரையில் மெருகிட்ட பீங்கான் கிண்ணங்களைப் பதித்திருந்தார்கள். தொழுதுவிட்டு அண்ணாந்து பார்த்தால் கடல் கடந்து வந்த கிண்ணங்கள் பளபளத்திருக்கும். இன்று அந்த இடங்களில் வட்டக் குழிகள் தெரிகின்றன.

ஊருக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த ஒரு செங்குத்துப் பாறை மேல் ஹுசூனி குப்வா நிற்கிறது. பெரிய கோட்டை என்று பெயர், ஆனால் அது அரண்மனை. கட்டியவர் சுல்தான் அல்-ஹசன் இப்னு சுலைமான். நூறு அறைகளுக்கு மேல். கீழே கடற்கரைக்கு இறங்கும் படிகள். படிவரிசைகள் சூழ்ந்த சபை முற்றம். வணிகச் சரக்கு வைக்கக் கிடங்குகள் சூழ்ந்த பெரிய முற்றம். எண்கோண வடிவத்தில் ஒரு குளிக்கும் தொட்டி. அரசர் வீடும் பண்டகசாலையும் ஒரே கூரையின் கீழ் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் அரசரும்தான், வணிகரும்தான். அரண்மனை முழுதாகக் கட்டி முடியவே இல்லை. அவருக்குப் பின் விரைவிலேயே கைவிட்டுவிட்டார்கள். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் உலகத்தையே உலுக்கிய கொள்ளைநோயும் அதனால் சரிந்த வணிகமும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்தச் சுல்தானின் காலத்தில்தான், 1331இல், மொராக்கோவைச் சேர்ந்த பயணி இப்னு பதூதா கில்வாவுக்கு வந்தார். உலகின் அழகான நகரங்களில் ஒன்று என்று எழுதினார். ஆனால் ஒரு சிக்கல்: ஊர் முழுக்க மரத்தால் கட்டியது, கூரை நாணல் என்கிறார். இவ்வளவு கல் நிற்கும் இடத்தைப் பார்த்து ஒருவர் எப்படி அப்படி எழுதுவார்? அவர் கவனிக்கவில்லை, ஞாபகப் பிசகு என்று பலர் சொன்னார்கள். எனக்கு அவர் சரியாகவே பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது. கல் வீடுகள் பரவலானது அடுத்த நூற்றாண்டில்தான். 1331இல் பள்ளிவாசலும் அரண்மனையும் கல்லில் இருந்திருக்கும்; ஊர் மக்களில் பெரும்பாலோர் மரமும் மண்ணும் கீற்றும் வேய்ந்த வீடுகளில்தான் இருந்திருப்பார்கள். நம் கண்ணுக்குக் கல் மட்டும் தெரிவதற்குக் காரணம் கல் மட்டும் மிஞ்சியதுதான்.

சுல்தானை ஊரார் அபுல் மவாஹிப், அதாவது கொடைகளின் தந்தை என்று அழைத்ததாக இப்னு பதூதா சொல்கிறார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து சுல்தான் வீடு திரும்பும்போது யெமனைச் சேர்ந்த ஒரு ஃபக்கீர் வழிமறித்து, நீங்கள் உடுத்தியிருக்கும் உடையே வேண்டும் என்று கேட்டார். சுல்தான் அப்போதே உள்ளே போய் மாற்றிக்கொண்டு, அந்த உடையைக் கொடுத்துவிட்டார். ஊரே புகழ்ந்தது. பிறகு சுல்தானின் மகன் அந்த உடையை ஃபக்கீரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, ஈடாகப் பத்து அடிமைகளைக் கொடுத்தார். மக்கள் மெச்சியதைக் கேட்ட சுல்தான், மேலும் பத்து அடிமைகளும் இரண்டு சுமை தந்தமும் கொடுக்கச் சொன்னார். கொடையின் கதையாகத்தான் இதை எழுதியிருக்கிறார். அந்த இருபது பேர் எந்த ஊரிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள், யெமன்காரரோடு எந்தக் கப்பலில் ஏறினார்கள் என்பது ஒரு வரியிலும் இல்லை. சுல்தான் பெருநிலத்து மக்கள் மீது அடிக்கடி படையெடுத்துக் கொள்ளையிட்டார் என்பதும் அதே பயணக் குறிப்பில் இருக்கிறது. கில்வாவின் அழகைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி மறைத்ததாகும்.

மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ளச் சோங்கோ ம்னாராதான் நல்ல இடம். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்து 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெறிச்சோடிப் போன ஊர் அது. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் வாழ்வு. பிற்காலத்தவர் இடித்துக் கட்டாததால் வீட்டின் அமைப்பு அப்படியே நிற்கிறது. தாழ்ந்த முற்றம், அதைச் சுற்றி உட்காரப் படிகளும் திண்ணைகளும், முற்றத்திலிருந்து உள்ளே போகப் போக ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட அறைகள், சுவரில் மாடக்குழிகள். வந்த வணிகர் முன்னால் உட்காருவார், வீட்டுக்காரர்களின் இடம் பின்னால். அங்கே தோண்டியபோது முந்நூறுக்கு மேற்பட்ட செம்புக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. என்னை இன்னும் தொட்டது வேறொன்று. கல்லறைகளின் மேல் வெள்ளைக் கூழாங்கற்களும் இந்தக் காசுகளும் வைத்திருந்தார்கள். போனவர்களைப் பார்க்க வந்து, கையிலிருந்த பாட்டெழுதிய காசை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிறகு போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1500இல் கப்ரால், 1502இல் வாஸ்கோ ட காமா. தன் இரண்டாவது இந்தியப் பயணத்தின் வழியில் வந்த காமா, பீரங்கியைக் காட்டிக் கில்வாவின் ஆட்சியாளர் இப்ராஹிமிடம் கப்பம் வாங்கினார். அந்தப் பொன் எங்கே போனது என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும். லிஸ்பனில், பழங்கலை தேசிய அருங்காட்சியகத்தில், பெலேம் திருக்காட்சிப் பேழை என்ற பொற்கலம் இருக்கிறது. கில் விசென்ட்டே என்ற பொற்கொல்லரின் வேலை. நற்கருணை அப்பத்தை வைத்து வழிபடச் செய்தது. கில்வாவின் கப்பப் பொன்னால் செய்யும்படி மன்னர் மனுவேல் ஆணையிட்டார், 1506இல் முடிந்தது என்று அதிலேயே பொறித்திருக்கிறது. எடுத்தவர்களே எழுதி வைத்த ரசீது அது.

அந்தக் கலம் முடிவதற்குள் ஊர் விழுந்துவிட்டது. 1505இல் ஃபிரான்சிஸ்கோ தெ அல்மெய்தா, இந்தியாவுக்கு முதல் வைஸ்ராயாகப் போகும் வழியில் கில்வாவைக் கொள்ளையடித்து, இப்ராஹிமை விரட்டி, தன் சொல் கேட்கும் ஒருவரை அரியணையில் வைத்து, கரையில் கோட்டை கட்டிவிட்டுக் கொச்சிக்குப் போனார். அதே ஆண்டு சோஃபாலாவிலும் கோட்டை எழுந்தது. கில்வாவுக்கு உண்மையான அடி இரண்டாவது கோட்டைதான். பொன் வரும் வாயிலையே அடைத்துவிட்டால் காத்திருக்கும் கிடங்குக்கு என்ன வேலை? பொன் கில்வாவுக்கு வருவது நின்றதும் கில்வாவில் இருக்கப் போர்ச்சுகீசியருக்கே காரணம் இல்லாமல் போய், 1512இல் கோட்டையை விட்டுப் போய்விட்டார்கள். 1587இல் ஜிம்பா என்ற உள்நாட்டுப் படையினர் தீவில் புகுந்து பெரும் அழிவு செய்தார்கள்.

18ஆம் நூற்றாண்டில் ஊருக்கு மீண்டும் உயிர் வந்தது, ஆனால் வந்த விதம் நெஞ்சை அடைக்கிறது. 1776இல் மோரிஸ் என்ற பிரெஞ்சு வணிகர், ஆண்டுக்கு 1,000 அடிமைகள் என்று சுல்தானோடு ஒப்பந்தம் செய்தார். அவர்கள் போக வேண்டியது இன்றைய மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்கும் அக்கம்பக்கத்துத் தீவுகளுக்கும். மகுதானி அரண்மனையின் மதில்கள் அந்தக் காலத்து வசதியைச் சேர்ந்தவை. பிறகு ஓமானியர் வந்தார்கள். போர்ச்சுகீசியர் விட்டுப்போன இடத்தில் அவர்கள் எழுப்பிய கோட்டைக்கு கெரேசா என்று பெயர். தேவாலயத்துக்கான போர்ச்சுகீசியச் சொல்லான இக்ரேஜாவிலிருந்து வந்தது. இன்றைய சுவாஹிலியில் அந்தச் சொல்லுக்குச் சிறைச்சாலை என்று பொருள். ஒரு சொல் தேவாலயத்தில் தொடங்கிச் சிறையில் போய் நின்றதற்கு அந்தக் கரையின் வரலாறு முழுவதும் காரணம்.

இப்போது கல்லைத் தின்பது கடலும் மழையும் வேர்களும். சுண்ணாம்புக் காரையில் ஒருமுறை நீர் இறங்கிவிட்டால் உள்ளே கல் தளர்ந்துபோகும். கரையோரக் கண்டல் மரங்கள் வெட்டுப்பட்ட இடங்களில் அலை நேரே வந்து மோதுகிறது. கெரேசாவின் கடல் பக்கச் சுவர் அப்படித்தான் சரிந்தது. 2004இல் யுனெஸ்கோ இந்த இடத்தை அழியும் நிலையிலுள்ள பாரம்பரியங்களின் பட்டியலில் சேர்த்தது. பிரான்ஸ், ஜப்பான் உள்ளிட்ட நாடுகளின் உதவியோடு சுவர்களைச் செப்பனிட்டு, கரையைக் காப்பாற்றக் கண்டல் நட்டு, தீவு மக்களையும் பராமரிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். 2014இல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. சுண்ணாம்பு பூசும் கையும் கண்டல் நடும் கையும் தீவிலேயே இருந்தால்தான் இந்தச் சுவர்கள் நிற்கும். வெளியிலிருந்து வரும் நிபுணர் பருவக்காற்று மாதிரி, வந்தால் திரும்ப வேண்டியவர்.

தீவுக்குப் போக இன்றும் கில்வா மசோகோவிலிருந்து படகுதான். அலி தோண்டியதாக ஏடு சொல்லும் அந்த நீரைக் கடந்தால் முதலில் கெரேசா, அதன் பின்னால் இடிபாடுகள், இடிபாடுகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் ஊர். மீன்பிடியும் சிறு விவசாயமும் செய்யும் குடும்பங்கள். அவர்களுடைய வீடுகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால், கண்டல் கம்புகளை நட்டு, குறுக்கே குச்சிகள் கட்டி, நடுவில் முருகைக்கல் துண்டுகளையும் செம்மண்ணையும் அடைத்திருக்கிறார்கள். மேலே மகுத்தி, அதாவது தென்னங்கீற்று. 1331இல் இப்னு பதூதா இறங்கி நடந்தபோது இரண்டு பக்கமும் பார்த்த வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.